நரம்புச் செல் ஏன் சாகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வளர்ச்சிக் காரணி நரம்புச் செல்லுக்குச் சாப்பாடு மாதிரியா? கிடைக்காவிட்டால் பட்டினியில் செத்துவிடுமா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது பட்டினிச் சாவு இல்லை, தற்கொலை. என்.ஜி.எஃப். (நரம்பு வளர்ச்சிக் காரணி) என்ற புரதத்தை நம்பி வாழும் பரிவு நரம்புச் செல்களை, அதாவது இதயத் துடிப்பு போன்றவற்றை நாம் நினைக்காமலே இயக்கும் செல்களை, கண்ணாடித் தட்டில் வளர்க்கிறோம். குளுக்கோஸ், அமினோ அமிலம் எல்லாம் இருக்கிறது, என்.ஜி.எஃப்.ஐ மட்டும் எடுத்துவிடுகிறோம். ஓரிரு நாளில் நீண்ட இழைகள் மணிமணியாக முடிச்சு விழுந்து அறுபடுகின்றன, செல் சுருங்கிச் சாகிறது. அதே தட்டில், புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால்? செல் பிழைத்துக்கொள்கிறது! 1988-ல் வெளியான இந்தச் சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சாவதற்கே அந்தச் செல் புதிதாகப் புரதம் செய்தாக வேண்டும். 'வேண்டாம், சாகாதே' என்று அதை ஓயாமல் தடுத்துக்கொண்டிருப்பதுதான் வளர்ச்சிக் காரணியின் வேலை.

கேள்வி: கருவிலேயே நரம்புச் செல்கள் சாகின்றனவாமே, அது நோயா?

பதில்: இல்லை. கோழிக் கருவில், தசைகளை இயக்கும் நரம்புச் செல்களில் ஏறக்குறைய பாதி இயல்பாகவே மடிகின்றன. தசை தரும் காரணி அளவோடுதான் கிடைக்கிறது. எட்டிப் பிடித்தவை நிலைக்கின்றன. கால் மொட்டை, அதாவது காலாக வளரப்போகும் முளையை, வெட்டிவிட்டால் சாவு கூடும், கூடுதலாக ஒன்றை ஒட்டவைத்தால் குறையும்.

கேள்வி: காரணி இழையின் நுனியில் கிடைக்கிறது. தொலைவில் இருக்கும் செல் உடலுக்கு அது எப்படித் தெரியும்?

பதில்: என்.ஜி.எஃப். ட்ராக்-ஏ என்ற ஏற்பியில் (காரணியைப் பிடித்துக்கொள்ளும், செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதம்) ஒட்டியதும், இரண்டும் சேர்ந்து ஒரு குமிழுக்குள் போய், இழை வழியே செல் உடலுக்கு வந்து சேரும்.

கேள்வி: அதே காரணி கொல்லவும் செய்யுமா?

பதில்: செய்யும். என்.ஜி.எஃப். முதலில் நீளமான முன்வடிவமாக உருவாகி, பிறகு வெட்டப்படுகிறது. வெட்டுப்படாத முன்வடிவம் பி75, சார்ட்டிலின் என்ற இரண்டு ஏற்பிகளையும் சேர்த்துப் பிடித்தால் மரண சமிக்ஞை கிளம்பிவிடும்.

கேள்வி: அப்படியானால் ஊசியாகப் போட்டு மூளை நோய்களைக் குணப்படுத்தலாமே?

பதில்: ஆசை நியாயமானதுதான். ஆனால் இந்தப் புரதங்கள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. உடம்பில் செலுத்திய என்.ஜி.எஃப். வலியையும் தூண்டியது. தசையை இயக்கும் நரம்புச் செல்கள் அழியும் ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கு, பி.டி.என்.எஃப். என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையும் பலன் தரவில்லை. நேரடியாக எட்டக்கூடிய இடத்தில் மட்டும் வழி பிறந்திருக்கிறது: நரம்பு பாதித்துப் புண்ணாகும் கருவிழிக்கு, என்.ஜி.எஃப். கண் சொட்டு மருந்துக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.