டூயல் பூட் லேப்டாப்புக்கு ஒரே ஐபி: ஆகனில் இருக்கும் தம்பிக்கு

தம்பி, ‘ஜெர்மனியில் ஆகனில் மூன்று பேருடன் வீட்டைப் பகிர்ந்திருக்கிறேன், லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு என்று இரண்டு சிஸ்டம் இருக்கின்றன, எதைத் திறந்தாலும் ஒரே ஐபி, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்பின் முகவரி எண், வர என்ன செய்வது’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்த போன் திட்டம் நல்லது, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்றும் கேள்வி. அதையெல்லாம் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறது.

முதலில், இரண்டு சிஸ்டத்திலும் கையால் எண்ணைப் போடாதீர்கள். ரவுட்டரில் போடுங்கள். உங்கள் வீட்டில் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர் என்கிறீர்கள். பிரவுசரில் 192.168.178.1 என்று அடித்து உள்ளே போய், வீட்டு நெட்வொர்க் பட்டியலில் உங்கள் லேப்டாப்பைக் கண்டுபிடித்து, எப்போதும் இதே ஐபிவி4 முகவரியைக் கொடு என்ற பெட்டியில் டிக் செய்தால் போதும். ரவுட்டர் பார்ப்பது நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை, அதாவது கார்டுக்கே உரிய அடையாள எண்ணை. கார்டு ஒன்றுதானே, எந்த சிஸ்டம் ஓடினால் அதற்கென்ன? ஆனால் வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு ஒரு மேக். இரண்டும் பயன்படுத்தினால் தனித்தனியாகச் செய்ய வேண்டும். விண்டோஸில் வைஃபைக்கு ரேண்டம் ஹார்டுவேர் முகவரி (உண்மையான மேக்குக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் வசதி) ஆன் ஆகியிருந்தால் வீட்டு வைஃபைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். நீங்கள் போட்டிருப்பது உபுண்டு சர்வர் என்றால், அது மேக்கைச் சொல்லாமல் தானே ஓர் அடையாள எண்ணை உருவாக்கி அனுப்பும். சில ரவுட்டர்கள் அதை வேறு இயந்திரம் என்று நினைத்துக்கொள்ளும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் மேக்கையே அனுப்பு என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

கையால் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஃபிரிட்ஸ்பாக்ஸ் வழக்கமாக ஐபியின் கடைசிப் பகுதியில் 20 முதல் 200 வரையுள்ள எண்களைத் தானே விநியோகிக்கிறது. நீங்கள் சொல்லாமல் 50-ஐ எடுத்துக்கொண்டால், ஒருநாள் அதே 50 வீட்டுத் தோழரின் போனுக்குப் போகும். இருவருக்கும் இணையம் விட்டு விட்டு வரும், பழி புதிதாக வந்தவன் மேல் விழும். விண்டோஸில் பழைய வழியில் கார்டுக்கே எண்ணைப் போட்டுவிட்டால், கல்லூரியில் எடுரோம் வைஃபையும் வேலை செய்யாது.

இன்னொன்று. நிலையான ஐபி எதற்கு என்று நீங்கள் எழுதவில்லை. பிரிண்டருக்கோ கோப்புப் பகிர்வுக்கோ என்றால் சரி. டொரண்ட்டில் திருட்டுப் படம் இறக்க என்றால் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் உங்களுக்கு எந்த எண் இருந்தாலும் வெளியே தெரிவது மொத்த வீட்டுக்கும் ஒரே முகவரிதான். நீங்கள் இறக்கும் படத்துக்கு, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு வக்கீல் கடிதம் வரும், அப்மானுங் என்பார்கள். பல நூறு யூரோ கேட்பார்கள். ஊரிலிருந்து வந்த ஜோரில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் நம் பையன்களை வருடா வருடம் பார்க்கிறேன். கடிதம் வந்தால் குப்பையில் போடவும் கூடாது, பயந்து கையெழுத்துப் போட்டு அனுப்பவும் கூடாது. நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கோ வக்கீலிடமோ போங்கள்.

நான் 2004-ல் ட்ரெஸ்டன் வந்தபோது ரவுட்டரெல்லாம் கிடையாது. விடுதி நெட்வொர்க்கை மாணவர்களே நடத்தினார்கள். ஒரு தாளில் ஐபியும் இணைப்புக்கு வேண்டிய மற்ற எண்களும் எழுதிக் கொடுப்பார்கள், மேக்கைப் பதிந்துகொள்வார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் ஒருமுறை, சுசே லினக்ஸின் யாஸ்ட் என்ற அமைப்புக் கருவியில் ஒருமுறை அதையே அடிக்க வேண்டும். ஒய்யும் இசட்டும் இடம் மாறிய ஜெர்மன் கீபோர்டு வேறு. மேல்மாடியில் நம் ஊர் சீனியர் ஒருவர், தாளைப் பார்க்கச் சோம்பல்பட்டு பக்கத்து அறைக்காரரின் ஐபியோடு ஒன்றைக் கூட்டிப் போட்டுக்கொண்டார். அது ஒரு போலந்துப் பெண்ணின் எண். அவளுக்குத் தேர்வு வாரம். சீனியரின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க ஜெர்மன் தெரியாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு மட்டும் என்ன தெரியும், ஆனாலும் பேசினேன். அந்தக் குளிர்காலத்திலேயே நானும் அந்த நெட்வொர்க் குழுவில் சேர்ந்து வாரம் ஒரு மாலை உட்கார ஆரம்பித்தேன். என் ஜெர்மனில் பாதி அங்கே வந்ததுதான். நம்மவர்கள் பலர் பத்து வருடமாகியும் தமிழ் வாட்ஸ்அப் குழுவைத் தாண்டுவதில்லை, அப்புறம் இந்த ஊர்க்காரர்கள் பழகுவதில்லை என்று குறை.

ரவுட்டர் பாஸ்வேர்டை இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கிறதே என்று நீங்களாக நுழையாதீர்கள்.