பின் டீயை மறந்துவிட்டு புக் பண்ணுங்கள்

கேள்வி: அலுவலக வேலையாக மூன்று நாள் வெளியூர் போகிறேன். அந்த நகரத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில், பெரிய போட்டிகள் நடந்த ஒரு சாம்பியன்ஷிப் கோல்ஃப் கோர்ஸ் இருக்கிறது. வெளியாட்களையும் ஆட விடுகிறார்கள். என் ஹேண்டிகேப் (திறமைக்கேற்ப ஸ்கோரில் கழித்துக்கொள்ளத் தரும் அடிகள்) 18. டிரைவர் என்ற நீண்ட தூர மட்டையில் 220 யார்டு, 5 அயர்ன் மட்டையில் 160 யார்டு அடிப்பேன். மூன்றாம் நாள் காலை மட்டும்தான் எனக்குச் சும்மா இருக்கும், மாலையில் விமானம். டிவியில் பார்த்த அதே பின் டீயிலிருந்து (டீ என்பது ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கும் இடம்; மிகத் தள்ளி இருப்பது பின் டீ) ஆட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எப்படித் திட்டமிடுவது?

பதில்: அந்தக் கடைசி ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

'சாம்பியன்ஷிப் கோர்ஸ்' என்ற பட்டத்துக்கு அதிகாரபூர்வ இலக்கணம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உண்மையிலேயே பெரிய போட்டி நடந்த இடமென்றால் பின் டீயிலிருந்து பெரும்பாலும் 7,000 யார்டுக்கு மேல் நீளம் இருக்கும். நியூயார்க் நகரத்தை ஒட்டியுள்ள பெத்பேஜ் பிளாக் கோர்ஸில் 2002, 2009 இரண்டு ஆண்டுகளும் யூ.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்தது. பொதுமக்கள் காசு கட்டி ஆடக்கூடிய கோர்ஸ்தான். ஆனால் முதல் டீயில் ஓர் எச்சரிக்கைப் பலகை தொங்கும்: இது மிகக் கடினமான கோர்ஸ், மிகத் திறமையானவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று. அங்கே வண்டியும் கிடையாது, நடந்தே ஆக வேண்டும். அந்தப் பலகை பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிறகு முன் டீக்குப் போகிறவரே என் கண்ணுக்குப் புத்திசாலி.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். 5 அயர்ன் தூரத்தை 36ஆல் பெருக்குவது ஒரு பழைய கணக்கு. 160ஐப் பெருக்கினால் 5,760. அதாவது 5,800 யார்டை ஒட்டிய டீதான் உங்களுடையது. 2011இல் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் தொழில்முறை கோல்ஃபர்கள் சங்கமான பி.ஜி.ஏ.வும் சேர்ந்து, அவரவர் அடிக்கும் தூரத்துக்கேற்ற டீயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஓர் அட்டவணை வெளியிட்டன. டிரைவரில் 225 யார்டு அடிப்பவருக்கு 5,800 முதல் 6,000 வரை என்கிறது அது. இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடுகின்றன.

ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு டீக்கும் எதிரே கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, கைதேர்ந்தவருக்கு அங்கே எத்தனை அடி ஆகும் என்பது; இரண்டாவது, சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பது. ஸ்லோப் 55இலிருந்து 155 வரை போகும். 113 என்பது நடுத்தரம். உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸை (நீங்கள் சொன்ன 18) ஸ்லோப்பால் பெருக்கி, 113ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரை (ஆடி முடிக்க நிர்ணயித்த அடி எண்ணிக்கை) கழித்து வருவதைக் கூட்டினால், அன்றைய கோர்ஸ் ஹேண்டிகேப் கிடைக்கும். உதாரணத்துக்கு பார் 72, பின் டீயில் ரேட்டிங் 74.6, ஸ்லோப் 138 என்று வைத்துக்கொள்வோம். 18 இண்டெக்ஸ்காரருக்கு அங்கே 25 வரும். 5,900 யார்டு டீயில் ரேட்டிங் 68.6, ஸ்லோப் 122 என்றால் 16. ஒரே ஆள், ஒரே நாள், டீ மாறியதும் ஒன்பது அடி (ஷாட்) வித்தியாசம்!

"அதுதான் கூடுதலாக ஒன்பது அடி தருகிறார்களே, பின்னாலிருந்தே ஆடினால் என்ன?" என்று கேட்பீர்கள். கார்டில் கணக்கு சரியாகத்தான் வரும், ஆட்டம்தான் கெடும். பின் டீயிலிருந்து 440 யார்டு பார் 4. நன்றாக 220 அடிக்கிறீர்கள். இன்னும் 220 பாக்கி. கிரீனுக்கு (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) முன்னால் பங்கர்கள் (மணல் பள்ளங்கள்) வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். 3 வுட் மட்டையை வெளியே எடுத்து, ஒன்று பங்கரில் போட வேண்டும், இல்லை முன்னாலேயே நிறுத்த வேண்டும். அதே ஹோலை 370இலிருந்து ஆடினால் பாக்கி 150. உங்கள் 6 அயர்ன். கோர்ஸை வரைந்தவர் அந்தப் பங்கரை ஏன் அங்கே வைத்தார், கிரீன் ஏன் இடப்பக்கம் சரிகிறது என்பதெல்லாம் அப்போதுதான் புரியும். அதற்குத்தானே அவ்வளவு கிரீன் ஃபீ கட்டுகிறோம்.

இனி நேரம். காலை 7:30 டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) கிடைத்தது என்று வையுங்கள். பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டிங் கிரீனில் இருபது நிமிடமாவது பழக வேண்டும். பணம் கட்ட, ஷூ மாற்ற, ஆட்டக்காரர்களை வரிசையாக அனுப்பும் ஸ்டார்ட்டரைப் பார்க்க என்று சேர்த்தால் 6:30க்கு அங்கே இருக்க வேண்டும். ஹோட்டலை விட்டு 5:45க்குக் கிளம்ப வேண்டும். நான்கு பேர் ஆட்டம் நாலரை மணி நேரம் பிடிக்கும், பன்னிரண்டு ஆகிவிடும். குளித்துக் கிளம்பி நகரத்துக்கு வர ஒன்றரை. விமானம் ஐந்து மணிக்கு மேல் என்றால் தைரியமாகப் போகலாம். நான்கு மணிக்கு என்றால், கடைசி மூன்று ஹோலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஆடுவீர்கள். அதைவிட, முந்தைய நாள் மாலையில் ஒன்பது ஹோல் ஆட விடுவார்களா என்று கேட்பது மேல். மாலை நேரத்துக்குக் கட்டணத்தைக் குறைக்கும் கோர்ஸ்கள் நிறைய.

எந்தக் கிழமை என்பதும் முக்கியம். வார இறுதிக் காலைகள் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கே. வார நாளிலும் உள்போட்டி நடக்கும் நாள் ஒன்று இருக்கும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே இல்லை. ஊர்க்காரர்கள் அதன்மேல் உலாவப் போவார்கள். ஆகவே தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு டீ டைம் தேடாதீர்கள்.

போன் பண்ணும்போது எல்லாரும் கட்டணத்தைத்தான் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, "கிரீன்களில் துளை போட்டு எத்தனை நாளாகிறது?" பட்ட அனுபவம். ஒரு முறை மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு பெரிய கோர்ஸுக்குப் போனேன். மண்ணுக்குக் காற்றோட்டம் கொடுப்பதற்காக முந்தைய நாள்தான் கிரீன் முழுக்கத் துளை போட்டு மணல் தூவியிருந்தார்கள். பந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டு போனது. நான்கடி தூரத்திலிருந்து உருட்டினால்கூட நேராக ஓடவில்லை. புக்கிங்கில் யாரும் வாய் திறக்கவில்லை, கட்டணத்திலும் சல்லிக்காசு குறைக்கவில்லை. கேட்காதது என் தப்பும்தான். கிரீன் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதே மூச்சில், பெரிய போட்டி ஏதும் நெருங்குகிறதா என்றும் கேளுங்கள். ரஃப் என்ற ஓரப் புல்லை வளரவிட்டிருப்பார்கள், கேலரி கட்டக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் போனால் பந்து தேடியே பொழுது போய்விடும்.

ஹேண்டிகேப் சான்று கேட்பார்களா, உடைக் கட்டுப்பாடு என்ன, வண்டி ஃபேர்வேக்குள் (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் உள்ள வெட்டிய புல்வெளி) போகலாமா, பாதையோடு சரியா என்பவை அடுத்தவை. வாடகை கிளப் (மட்டை) என்றால் ஷாஃப்ட் (அதன் தண்டு) ரெகுலரா, விறைப்பான ஸ்டிஃபா என்று சொல்லி வையுங்கள். இடதுகைக்காரரானால் இன்னும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சொந்தமாகக் கொண்டுபோனால் பையில் 14க்கு மேல் கூடாது என்பது தெரிந்ததே.

செலவில் எதையாவது குறைக்க வேண்டுமென்றால் வண்டியைக் குறையுங்கள், கேடியை (பையைச் சுமந்து வழிசொல்லும் உதவியாளர்) வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தெரியாத கோர்ஸில் கிரீனின் சரிவு கண்ணுக்கு ஒன்று சொல்லும், பந்து வேறு பக்கம் போகும். நல்ல கேடி, "கொடியைப் பார்க்காதீங்க சார், அந்த மரத்தைப் பார்த்து அடிங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். கேடி கிடைக்காவிட்டால் கோர்ஸின் கடையான ப்ரோ ஷாப்பில் யார்டேஜ் புக் (ஹோல்களின் தூரங்களைக் குறித்த கையேடு) வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்திருந்தும் தவறியவர்கள் உண்டு. 1999 பிரிட்டிஷ் ஓப்பனில், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி கோர்ஸின் கடைசி ஹோலில் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஜான் வான் டி வெல்டேவுக்கு ஆறு அடி எடுத்தாலே கோப்பை. பந்தை ஓடைக்குள் போட்டு ஏழு எடுத்தார், பிறகு பிளேஆஃபில் தோற்றார். நீங்களும் நானும் எந்த மூலைக்கு?

டீயில் நிற்கும்போது பந்து காணாமல் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், சொல்லிவிட்டு உடனே ப்ரொவிஷனல் (மாற்றுப் பந்து) அடித்துவிடுங்கள். தேடுவதற்கு 2019 முதல் மூன்று நிமிடம்தான். தொலைந்தால் இரண்டு அடி அபராதத்தோடு ஃபேர்வே ஓரமாக டிராப் பண்ணும் உள்ளூர் விதி அங்கே உண்டா என்று ஸ்டார்ட்டரிடம் கேட்டு வையுங்கள். இருந்தால், திரும்ப டீ வரை நடக்கும் வேலை மிச்சம், பின்னால் வருகிற நால்வரின் முறைப்பும் மிச்சம். முதல் முறை போகிறவருக்கு ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு கணக்கும் நல்லது. ஒரு ஹோல் பாழாய்ப்போனால் பந்தைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போய்விடலாம்.

ஆட்டம் முடிந்ததும், குளிப்பதற்கு முன்னால், ஷூ அடியில் இருக்கும் மண்ணையும் புல்லையும் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். கிளப் முகங்களையும்தான். விமானம் நாடு விட்டு நாடு போவதானால், குறிப்பாக ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ என்றால், கோல்ஃப் பையைத் திறந்து மண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.