ஏழு வயது மகள் மீண்டும் படுக்கையை நனைக்கிறாள் என்று கேட்டிருந்தீர்களே, அதற்குக் கொரோனா ஊரடங்கு நாட்களில் எழுதிய பதில்

ஊரடங்கு தொடங்கியதிலிருந்து மகள் படுக்கையை நனைக்கிறாள், ‘பாட்டி செத்துப்போவாளா?’ என்று இரவில் கேட்கிறாள், கைகளைத் தோல் வெடிக்கும்வரை கழுவுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். வளர்ந்த பிள்ளை சிறு பிள்ளைபோல் ஆவது, பயத்தில் வழக்கமாக நடப்பதுதான். திட்டாதீர்கள். ஈரத் துணியை மாற்றிவிட்டு, பேச்சில்லாமல் படுக்க வையுங்கள். காலையில் அதைப் பற்றி எடுக்கவும் வேண்டாம். சிறுநீர் போகும்போது எரிச்சலோ, அளவுக்கு மீறிய தாகமோ இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாட்டி கேள்விக்கு ‘ஒன்றும் ஆகாது’ என்று சத்தியம் செய்யாதீர்கள். ‘பாட்டி இப்போது நன்றாக இருக்கிறார், அவரைப் பாதுகாக்கத்தான் வெளியே போகாமல் இருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். பிறகு பாட்டியையே வீடியோ அழைப்பில் பேச வையுங்கள். 2020 மார்ச்சில் நார்வேயின் அப்போதைய பிரதமர் எர்னா சோல்பெர்க் குழந்தைகளுக்கென்றே செய்தியாளர் சந்திப்பு நடத்தி, பயப்படுவதில் தவறில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நம் வீடுகளிலோ நாள் முழுக்கத் தொலைக்காட்சி சாவுக் கணக்கு வாசிக்கிறது. அதை முதலில் அணையுங்கள்.

கை கழுவச் சோப்புடன் 20 விநாடி போதும். கூடவே நின்று எண்ணுங்கள், முடிந்ததும் எண்ணெய் தடவிவிடுங்கள். தடுத்தால் அழுது துடிக்கிறாள், அல்லது தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் சரியாகவில்லை என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் பேசுங்கள். பலர் தொலைபேசியிலேயே ஆலோசனை தருகிறார்கள்.

பொம்மைக்கு முகக்கவசம் கட்டி ஊசி போட்டு விளையாடினால் குறுக்கே போகாதீர்கள். அழைத்தால் நோயாளியாகப் படுத்துக்கொள்ளுங்கள்.