மதிப்பெண் சான்றிதழ் 200 கேபி-க்குள் அடங்க மறுக்கிறதா?

கேள்வி: தேர்வு விண்ணப்பத்துடன் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டையும் தலா 200 கேபி-க்கு மிகாத பிடிஎஃப்-ஆக ஏற்றச் சொல்கிறார்கள். செல்போனில் ஸ்கேன் செய்தால் 4 எம்பி வருகிறது. ஜிப் செய்தும் குறையவில்லை. ஒரு இணையதளத்தில் கொடுத்துச் சுருக்கினேன். பதிவெண்ணைப் படிக்கவே முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஜிப் உதவாததில் வியப்பில்லை. உங்கள் பிடிஎஃப்-க்குள் இருப்பது ஜேபெக் (போன் கேமராக்கள் வழக்கமாகச் சேமிக்கும் வடிவம்) படம். அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. மேற்கொண்டு பிழிய அதில் ஒன்றும் இல்லை.

குறைக்க வேண்டியது பிக்சல்களை, அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகளை. ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குல நீளத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 2480 × 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். 150 டிபிஐ என்றால் 1240 × 1754. கிட்டத்தட்ட 22 லட்சம்தான். டிபிஐ-யைப் பாதியாக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை நாலில் ஒரு பங்காகிறது. திரையில் படிக்க இது தாராளம்.

நீங்கள் பார்த்த தளம் பிக்சலை விட்டுவிட்டு ஜேபெக் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியிருக்கலாம். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். முகம், வானம் போன்றவற்றில் இழப்பு தெரியாது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்து 3, 6, 8 எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். போதாக்குறைக்கு, மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் முகம் தெரியாத தளத்தில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

கணினி இருந்தால் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் போதும், இலவசம். படத்தை அதிலுள்ள ரைட்டர் என்ற எழுத்துச் செயலியில் வைத்து, ‘எக்ஸ்போர்ட் அஸ் பிடிஎஃப்’ பெட்டியைத் திறங்கள். வழக்கமாக ஜேபெக் தரம் 90 சதவீதம், படத் தெளிவு 300 டிபிஐ என்றிருக்கும். தெளிவை 150 ஆக்குங்கள், தரத்தை 70-க்கு இறக்குங்கள். இன்னும் அடங்காவிட்டால் படத்தைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போன்ற ‘கிரேஸ்கேல்’ ஆக்கலாம். ஆனால் ஸ்கேனர் செயலிகளில் உள்ள ‘பிளாக் அண்ட் ஒயிட்’ வேறு: அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையேல் வெள்ளை. கோப்பு மிகச் சிறியதாகும். ஆனால் வெளிறிய ஊதா முத்திரை காணாமல் போகும், புகைப்படம் மைப்பூச்சாகிவிடும். வெறும் எழுத்துப் பக்கங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். பூப்போட்ட போர்வைமேல் வைத்து எடுத்தால் அந்தப் பூக்களையும் கோப்பு சுமக்கும். மடிப்பும் நிழலும் அப்படியே. பகல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து எடுத்து, தாளின் விளிம்போடு கத்தரித்துவிடுங்கள்.

சாதிச் சான்றிதழை இ-சேவை வழியாக வாங்கியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பலரும் அதைப் பிரின்ட் எடுத்து, பிறகு போனில் படம் பிடித்து, வீணாகப் பெருக்குகிறார்கள். பதிவிறக்கிய மூல பிடிஎஃப் பெரும்பாலும் எழுத்துதான், படமல்ல. அளவும் சிறியதாகவே இருக்கும். அதிலுள்ள டிஜிட்டல் கையொப்பம் சுருக்கினாலோ மறுபடி சேமித்தாலோ செல்லாமல் போகும். அப்படியே ஏற்றுங்கள்.

ஏற்றுமுன் கோப்பைத் திறந்து 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பதிவெண், பிறந்த தேதி, முத்திரை மூன்றையும் பாருங்கள். சரியில்லை என்றால் சுருக்கியதையே மறுபடி சுருக்காமல் மூலப் படத்திலிருந்து தொடங்குங்கள்.