எதுக்குத் தம்பி பேப்பர்?

அன்புள்ள அண்ணா,

எழுத வரமுதல் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினொரு வருஷம் புல்லு வெட்டினதாக ஒரு இடத்தில் சொல்லியிருந்தீர்கள், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நானும் மச்சானும் போன வருஷம் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் இந்த வேலையைத் தொடங்கினோம். ஒரு ட்ரக், இரண்டு மெஷின், 43 வீடு. அரைவாசிக்கு மேல் எங்கட ஆட்கள். இந்த வருஷம் எல்லாரிடமும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவோம் என்று இணையத்தில் ஆறு பக்க மாதிரி ஒன்றை எடுத்துத் திருத்தினேன். சீனக் கஸ்டமர் ஒருவர் அதை வாசித்து, இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்து வைத்தார். எங்கட ஆட்களோ "எதுக்குத் தம்பி பேப்பர், நாங்கள் என்ன காசு தராமல் ஓடப்போறமோ?" என்கிறார்கள். ஒரு அன்ரி "அப்ப நான் வேற ஆளைப் பாக்கிறன்" என்றே சொல்லிவிட்டா. மச்சான் விடச் சொல்கிறான். என்ன செய்ய?

(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், மார்க்கம்)

அன்புள்ள தம்பி,

விடாதீர்கள். ஆனால் அந்த ஆறு பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்காகக் கோடு (நீதிமன்றம்) ஏறி, தகப்பன் தொடங்கின வழக்கை மகன் முடித்த ஊர் எங்கட ஊர். நொத்தாரிசு முன்னால் எழுதாத காணி விற்பனை செல்லாது என்று 1840 இலேயே இலங்கையில் சட்டம் வந்துவிட்டது, உறுதிப் பத்திரத்தைப் பார்க்காமல் காணி வாங்கின ஒருத்தரை எனக்குத் தெரியாது. ஆக எங்கட சனத்துக்குப் பேப்பர் புதிதில்லை. அதே சனம் ஆயிரக்கணக்கில் சீட்டுக் கட்டும், ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல். தெரிந்த ஆளிடம் கையெழுத்துக் கேட்டால் அது சந்தேகம், அவ்வளவுதான் கணக்கு. நீங்கள் ஆறு பக்கத்தையும் பேனையையும் ஒன்றாக நீட்டினபோது அந்த அன்ரிக்குக் கேட்டது "உங்களை நம்பமாட்டன்" என்பது மட்டும்தான்.

என்ர கதையைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் வாயால் பேசினது: மாதம் 140 டொலர். என் மனதில் அது மாதச் சம்பளம். வீட்டுக்காரரின் மனதில் அது நாலு வெட்டு, ஒன்றுக்கு 35. மேயும் ஜூனும் பிரச்சினை இல்லை, கிழமைக்கு ஒருமுறை வெட்டியும் புல் முழங்காலைப் பிடிக்கப் பார்த்தது. ஜூலையில் மூன்று கிழமை மழை இல்லை. இங்கத்தைப் புல், பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், குளிர்ச்சியில் வளருகிற புல்; வெயில் ஏறினால் பழுப்பாகிப் படுத்துவிடும், செப்டெம்பர் மழைக்குத்தான் எழும்பும். படுத்த புல்லை வெட்டினால் இன்னும் கெடும் என்று நான் அந்த மாதம் இரண்டு தரம்தான் போனேன். மாதக் கடைசியில் அவர் 70 டொலரைக் கையில் வைத்துவிட்டு, "மற்ற ரெண்டு தரமும் எதை வெட்டினீர்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இப்போது யோசித்தால் அவர் கேட்டதும் சரி, நான் கேட்டதும் சரி. அதற்குப் பிறகு கோயிலில் கண்டால் அவர் ஒரு தூணுக்குப் பின்னால், நான் இன்னொரு தூணுக்குப் பின்னால்.

அடுத்த வருஷம் நான் ஒரு பக்கம் எழுதினேன். சீசனுக்கு 21 வெட்டு, 840 டொலர், மே தொடங்கி ஒக்டோபர் வரை மாதம் 140. மே ஜூனில் கிழமைக்கு ஒன்று, புல் படுக்கிற மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒன்று, மிச்சம் கடைசி இரண்டு மாதத்தில். மழை வந்தால் அடுத்த நாள். பாருங்கள், மாதக் காசு அதே 140 தான். ஜூலையில் வரவேண்டிய சண்டையை ஏப்ரலில், தேத்தண்ணி குடித்துக்கொண்டு, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டோம்.

அந்தப் பக்கத்தில் வேறு என்ன இருக்கவேண்டும் என்று கேட்பீர்கள். உங்கட போன வருஷச் சண்டைகளை எழுதிப் பாருங்கள், அதுதான் பட்டியல். எனக்கு வந்தவை இவை. பின் கேற் பூட்டியிருக்கிறது, உள்ளே நாய்; முன்னால் மட்டும் வெட்டிவிட்டுப் போனால் முழுக் காசா அரைக் காசா? வீட்டுக்காரர் ஆறு கிழமைக்கு ஊருக்குப் போகிறார், அதுவரை வெட்டவேண்டாம் என்கிறார், ஆனால் ரொறன்ரோவில் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிட்டால் மாநகரசபை நோட்டீஸ் ஒட்டும். வெட்டின புல்லை அள்ளிக்கொண்டு போகவேண்டுமாம். ரொறன்ரோ நகரம் வெட்டின புல்லைக் குப்பையோடு எடுப்பதில்லை, புல்லிலேயே விடச் சொல்கிறது, அப்படியென்றால் கொண்டுபோய்க் கொட்டுகிற செலவு யாருக்கு? புல்லுக்குள் ஒளிந்திருக்கிற, தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் தலையை பிளேட் சீவிவிட்டால்? இதுக்கு மட்டும் நான் ஒரு வரி தடித்த எழுத்தில் போட்டேன்: கொடி குத்திக் காட்டினதை உடைத்தால் நான் மாற்றித் தருவேன், காட்டாததை உடைத்தால் மாட்டேன். அந்த வருஷத்திலிருந்து எல்லா வளவிலும் சின்னச் சின்ன ஆரஞ்சுக் கொடி.

டன்டிலயன் என்ற களையைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். மே மாதம் மஞ்சள் பூ வந்ததும் "மருந்தடிச்சு விடும் தம்பி" என்று தொடங்குவார்கள். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் புல்வெளி அழகுக்காகப் பூச்சி, களை மருந்து அடிக்கத் தடை. இரும்புச் சத்து வகைக் களைமருந்து போன்ற சிலதுக்குத்தான் அனுமதி, அது பழைய மருந்து மாதிரி ஒரேயடியாகச் சாய்க்காது. ஆகவே "களையில்லாத புல்வெளி" என்று எந்தப் பக்கத்திலும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் ஒரு வருஷம் விளம்பரத் துண்டில் கொடுத்தேன், ஜூன் வரைக்கும் முழங்காலில் நின்று கையால் பிடுங்கினேன்.

எச்எஸ்ரி, அதாவது விற்பனை வரி: அடுத்தடுத்த நாலு காலாண்டில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் பதியவேண்டும், 13 வீதம் சேரும். 43 வீட்டில் நீங்கள் தாண்டிவிடுவீர்கள் போலத்தான் இருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் "வரி தனி" என்று எழுதாவிட்டால் அது உங்கட பொக்கற்றிலிருந்து போகும். ஸ்னோவும் தள்ளுகிறீர்கள் என்றால் அதுக்குத் தனிப் பேப்பர், அது வேறு உலகம்.

இனி மச்சானுக்கு. பேப்பர் இல்லாமல் விட்டால் நட்டம் கஸ்டமருக்கு என்று அவர் நினைக்கிறார் போல. ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டு வாசலில் வைத்து 50 டொலருக்கு மேல் வேலை பேசினால் அது எழுத்தில் இருக்கவேண்டும், ஒரு பிரதி அவர்களுக்குப் போகவேண்டும். பிரதி கிடைத்து 10 நாளுக்குள் அவர்கள் காரணமே சொல்லாமல் விலகலாம். ஒழுங்கான பிரதி கொடுக்காவிட்டால் அந்த 10 நாள் ஒரு வருஷமாக நீளும். அதாவது சீசன் முழுக்க வெட்டி முடித்த பிறகும் "எனக்கு வேண்டாம், காசைத் தாரும்" என்று ஒருத்தர் கேட்க இடமிருக்கிறது. உங்கட பெயர், விலாசம், வேலை, விலை, திகதிகளோடு, நுகர்வோரின் உரிமை பற்றி அரசாங்கம் சொல்லியிருக்கிற வாசகத்தையும் அப்படியே போடவேண்டும். அது ஆங்கிலத்தில் பின்பக்கம் இருக்கட்டும்.

முன்பக்கம் தமிழில். கொம்பியூட்டரில் அடித்துக்கொண்டு போகாதீர்கள், இடைவெளி விட்ட படிவமாக வைத்து, அவர்களுக்கு முன்னாலேயே கேட்டுக் கேட்டுக் கையால் நிரப்புங்கள். "ஒப்பந்தம்" என்ற சொல்லை வாயில் எடுக்கவே வேண்டாம். அந்த அன்ரியிடம் இன்னொருக்காப் போங்கள், மச்சானையும் கூட்டிக்கொண்டு. பேனை சட்டைப்பையிலேயே இருக்கட்டும். முதலில் பின் கேற்றைப் பற்றிக் கேளுங்கள், அப்புறம் ரோசாச் செடிக்குக் கிட்ட மெஷின் வரலாமா என்று கேளுங்கள். "வரவே கூடாது, போன வருஷம் வந்தவன் என்ர ரெண்டு செடியைச் சீவிப்போட்டான்" என்று தொடங்குவா. அப்போது பேனையை எடுங்கள்: "பொறுங்கோ அன்ரி, எழுதிக்கொள்ளுறன்."