தோட்டத்தில் விட்டுவிடலாமா?

வணக்கம்ங்க,

மூன்று வருடத்துக்கு முன் அவிநாசி ரோட்டோரம் எலும்பும் தோலுமாக நின்ற அல்சேஷன் நாய் ஒன்றைக் கூட்டிவந்து வளர்க்கிறோம். டாக்டர் கணக்கில் இப்போது ஒன்பது வயது, 34 கிலோ. பின்னங்கால் தடுமாறுகிறது. ஜூனில் சென்னைக்கு மாறுகிறோம், மூன்றாவது மாடி வீடு. காங்கேயம் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்தில் விட்டால் சுதந்திரமாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள அம்மிணிக்கு,

தோட்டம் வேண்டாம். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு நானும் ஒரு லேப்ரடாரை தாராபுரம் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் விட்டேன். ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு, ஓடித் திரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து மாதம் கழித்துப் போனால் மோட்டார் ரூம் பக்கத்தில் நான்கடிச் சங்கிலியில் கிடக்கிறது. கழுத்தைச் சுற்றி முடி கொட்டித் தோல் தடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தது. சங்கிலி எங்கே இழுக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் முன்னாலேயே நின்று வாலை ஆட்டியது. அன்றே காரில் ஏற்றி வந்துவிட்டேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வேளாவேளைக்குச் சோறு வைத்தார்கள். தோட்டத்து நாய் என்றால் நம் பக்கத்தில் பகலில் கட்டு, ராத்திரி அவிழ்ப்பு. நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைப் படித்த தோட்டக்காரர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

காங்கேயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் ஆட்டுப்பட்டியுமாக இருக்கிற சீமை. பட்டிக்குள் நாய் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போட்டதற்காக எத்தனை போராட்டம் நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஊருக்குப் புதிதான பெரிய நாய் ஒருநாள் கிளுவை வேலியைத் தாண்டினால், கடித்தது இதுதானா என்று யாரும் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த வயதில் அதற்கு வேண்டியது படி ஏறாத வீடு, கால் வழுக்காத தரை, பகலில் கூடவே ஒரு ஆள். டைல்ஸ் என்றால் ரப்பர் பாய் விரிக்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதிகளைத் தேடுங்கள். ஆனால் வாரைப் பிடித்து இழுக்கிற நாய் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். 34 கிலோ இழுத்தால் அறுபது வயதுக்காரர் விழுந்துவிடுவார்.

அதற்கு முன்பு காலைக் காட்டிவிடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போகலாம். இடுப்பு மூட்டுத் தேய்மானமா, தண்டுவடக் கோளாறா என்பது தெரிய வேண்டும், இந்த இனத்தில் இரண்டும் வரும். மாத மருந்துச் செலவைத் தாளில் எழுதி, கேட்டு வருகிறவர் கையில் முதலிலேயே கொடுங்கள். இரண்டு பேர் நழுவிவிடுவார்கள். நழுவட்டும். வலிக்கிறதே என்று நாம் போடுகிற ஐபுபுரூஃபனைக் கொடுத்துவிடக் கூடாது, நாய்க்கு அது விஷம் என்றும் அதே தாளில் எழுதுங்கள்.

ஆள் அமைந்தால், இரண்டு வாரம் பார்க்கட்டும், ஒத்துவராவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். அது படுக்கிற சாக்கைத் துவைக்காமல் அனுப்புங்கள். முதல் ஓரிரு நாள் சரியாகத் தின்னாது. நீங்கள் தினமும் போன் போட்டு அவர்களைப் படுத்தாதீர்கள்.

சரி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். மூன்றாவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்ட் இருக்கிறதா?