தொட்டிக்குப் பின்னால் கூகை: ஆந்தைகள் பற்றிக் கேள்வி பதில்

பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு ஆந்தைகளை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

திருப்பாதிரிப்புலியூர்: டீச்சர், மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெள்ளை முகத்தோடு ஒரு பறவை. ராத்திரியில் பாம்பு சீறுகிற மாதிரி சத்தம். சாவுக்குருவி, விரட்டிவிடு என்கிறார் மாமியார்.

அது கூகைம்மா, ஆந்தையில் ஒரு வகை. சீறுவது குஞ்சுகள், பசிக்குது என்று கேட்கின்றன. முட்டையிலிருந்து வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆனால்தான் பறக்கும். அதுவரை அந்தப் பக்கம் விளக்குப் போடாதீர்கள், தொட்டி கழுவுவதையும் தள்ளிவையுங்கள்.

மாமியாருக்கு ஒரு செய்தி. சங்கப் பாட்டு ஒன்றில் தோழி ஊர் வாசல் மரத்துக் கூகையைப் பார்த்து, "ராத்திரியில் குரல் எழுப்பாதே, நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறோம்" என்று கெஞ்சுவாள். கூகைக்கு எலி என்றால் உயிர் என்பது அன்றைக்கே நம் ஆட்களுக்குத் தெரியும். நீங்களும் பார்க்கலாம். தொட்டியடியில் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் கூகை கக்கியது அது. நான் கையுறை போட்டு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். மூன்று எலி மண்டையோடுகள். முன்பல்லெல்லாம் ஆரஞ்சு நிறம். கூடவே நீண்டு ஒடுங்கிய ஒன்று, வெள்ளைப் பல்லோடு: மூஞ்சூறு. ஒரே உருண்டையில் நாலு உயிர்!

வில்லியனூர்: அக்கா, வேப்பமரத்தடியில் ஆந்தைக்குஞ்சு கிடந்தது. பால் சோறு வைத்தேன், தொடவே இல்லை.

பால், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம் தம்பி. வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். இறகு முளைத்து, கால் ஊன்றி நிற்கிறதா? அப்படியானால் பறக்கப் பழகுகிற புள்ளி ஆந்தைக்குஞ்சு. நாய், பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இருட்டினதும் தாய் இரையோடு வரும். வெறும் பஞ்சு மயிராக இருந்தால் மரப்பொந்திலேயே திரும்ப வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது பொய்.

ரத்தம் வந்தாலோ இறக்கை தொங்கினாலோ மட்டும், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டாக மூடி, வனத்துறையிடம் கொடுங்கள். வீட்டில் வளர்க்க நினைக்காதீர்கள். ஆளைக் கண்டு பயப்படாத ஆந்தை வெளியே போய்ப் பிழைக்காது.

பாகூர்: நெல் வயலில் எலித் தொல்லை தாங்கவில்லை. மருந்து வைக்காமல் முடியுமா?

ஐயா, நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான். புரோமடியோலோன் என்கிற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் தள்ளாடித் திரியும். கூகைக்கு அதைப் பிடிப்பது சுலபம். அப்படிப் பிடித்துத் தின்றால் அதற்கும் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாவுதான். எங்கள் தெருவில் ஒரு தை மாதம் அப்படி ஒரு கூகை படிக்கட்டில் உட்கார்ந்தே இருந்தது. கண் திறந்திருந்தது, விரட்டினாலும் நகரவில்லை. மதியத்துக்குள் செத்துப்போனது. அதோடு அந்த வருடம் எலியும் பெருகிவிட்டது.

நட்ட கையோடு ஏக்கருக்கு 15, 20 தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றுங்கள், ராத்திரி கூகை வந்து உட்காரும். கதிர் முற்றும்போது பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நெல் கொத்துகிற குருவிக்கு அது வசதியாகிவிடும். வரப்பு ஒடுக்கமாக இருந்தால் எலி வளை தோண்ட இடம் கிடைக்காது. அப்புறம் கிட்டி என்கிற எலிப்பொறி இருக்கிறது, வளை வெட்டிப் பிடிக்கத் தெரிந்த இருளர் மக்கள் இருக்கிறார்கள். பசைத்தட்டை மட்டும் வேண்டாம், புள்ளி ஆந்தையும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

கடலூர் முதுநகர்: ஆந்தை நகம் வீட்டில் வைத்தால் நல்லது என்று ஒருவர் விற்கிறார்.

வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

புதுச்சேரி: பகலில் காக்கைகள் ஒரு ஆந்தையைச் சுற்றிக் கொத்துகின்றன. என்ன செய்ய?

இலை அடர்ந்த மரத்துக்குள் போக வழிவிட்டு, கூட்டத்தைக் கலையுங்கள். சாயங்காலம் அதுவே கிளம்பிவிடும்.

நெல்லிக்குப்பம்: எங்கள் தெருவில் பெரிய மரமே இல்லை. ஆந்தை வருமா?

2011 டிசம்பர் 30 தானே புயலில் நம் பக்கம் எத்தனை மரம் சாய்ந்தது! மரத்தோடு பொந்தும் போனது. புது மரத்தில் பொந்து விழப் பல காலம் ஆகும், அதுவரை பெட்டி வைக்கலாம். கூகைப் பெட்டிக்கு நீளம் இரண்டடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் இரண்டரை அடி. வாசல் ஆறு அங்குலம். குஞ்சு தவறி விழாமல் இருக்க அடியிலிருந்து ஒன்றரை அடி மேலே வெட்டச் சொல்லுங்கள். உள்ளே பெயின்ட் வேண்டாம். சித்திரை வெயில் படாத சுவரில், 12 அடிக்கு மேல் மாட்டுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டி முதல் வருடம் சும்மாவே கிடந்தது. இரண்டாம் வருடம் மார்கழியில் ஒரு விடியற்காலை, வாசலில் வெள்ளை முகம் ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.